பண முடிப்பும் நல்லகண்ணுவும்

சங்கத் தலைவர் ஒருவர் பொறுப்பிலிருந்து விலகினால் மாலை, சால்வை, பண முடிப்பு என வழியனுப்புவது நம்மூர் வழக்கம். இரா.நல்லகண்ணுவிடம் சால்வை வரைதான் செல்லுபடியானது!

ஸ்ரீவைகுண்டத்தில் 1925-ல் பிறந்தவர். நெல்லைச் சதி வழக்கில் சுமார் ஏழு ஆண்டுகள் சிறை. பிடிபட்டபோது போலீஸ் அதிகாரி ஒருவர் சிகரெட்டால் அவரது மீசையைப் பொசுக்கினார். அதோடு மீசை வைப்பதையே விட்டுவிட்டார். வெளியே வந்தபின், அன்றாடக் கூலிக்கு வயலில் இறங்கியவர்களைச் சங்கமாகச் சேர்ப்பதுதான் வேலை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பல்லாண்டுப் பொறுப்பு, பிறகு இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர்.

80 வயது நிறைவில் கட்சி 1 கோடி ரூபாய் திரட்டித் தந்தது. அதைக் கட்சிக்கே திருப்பிக் கொடுத்தார். தமிழக அரசின் அம்பேத்கர் விருதோடு வந்த 1 லட்சத்தில் பாதி கட்சிக்கு, மீதி விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு. 2022-ல் ‘தகைசால் தமிழர்’ விருதுடன் 10 லட்சம் வந்தது. கையிலிருந்த 5,000 ரூபாயையும் சேர்த்து முதல்வர் நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். 10 லட்சத்தைவிட அந்த 5,000 பெரிய தொகை. அது வாடகை வீட்டில் குடியிருந்தவரின் சொந்தக் காசு.

செயலாளர் பொறுப்பிலிருந்து 2005-ல் விலகினார். ஓய்வு? தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து, 85 வயதை நெருங்கும்போது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே வாதாடினார். 2010-ல் ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது.