கை விலகினும் நெஞ்சம் விலகாது

ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணியினர் எதிரெதிரே வந்து கைகுலுக்கிக் கொள்வது வெறும் சடங்கன்று. போட்டி வேறு, பகை வேறு என்பதைச் சொல்லின்றி உணர்த்தும் உறுதிமொழி அது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் போட்டிகளில் நிலைபெற்றிருந்த இவ்வழக்கம், 2020 மார்ச்சுத் திங்களில் நிறுத்தி வைக்கப்பட்டது. கொரோனாத் தொற்று பரவிவந்த நேரம் அது. மருத்துவ அறிவுரையை ஏற்று, மறு அறிவிப்பு வரும்வரை கைகுலுக்குதல் வேண்டா என்று லீக் நிர்வாகம் அறிவித்தது. வீரர்கள் வழக்கம்போல் அணிவகுத்து நின்றனர். கை நீட்டாமலே ஒருவரையொருவர் கடந்து சென்றனர்.

இன்று அக்கைகள் மீண்டும் இணைந்துவிட்டன. எனினும் அந்தத் தடை சரியானதுதானா என்ற வினா பழையதாகிவிடவில்லை. கொள்ளைநோய்கள் உலகுக்கு விடைகூறிச் சென்றுவிடவில்லை. நாளை மற்றொரு நோய் வருமாயின் இதே வினா திடலிலும் எழும். பள்ளிவாசலிலும் கல்லூரியிலும் எழும். ஆதலின் அமைதியான இவ்வேளையிலேயே அதனை எண்ணிப் பார்ப்பது நலம்.

தடையை மறுப்போர் இரண்டு காரணங்களைக் கூறுவர். ஒன்று, அது நற்பண்பைக் குலைக்கிறது என்பது. மற்றொன்று, அதனால் பயன் ஏதுமில்லை என்பது.

முதற் காரணத்தை ஆராய்வோம். 2012 பிப்ரவரியில் மான்செஸ்டர் நகரின் ஓல்டு டிராஃபோர்டு திடலில், லிவர்பூல் அணியின் லூயிஸ் சுவாரஸ், எதிரணியின் பாட்ரிஸ் எவ்ராவுடன் கைகுலுக்காமல் சென்றார். எவ்ராவை இனவெறிச் சொல்லால் இழிவுபடுத்தியதற்காக எட்டு ஆட்டங்களில் ஆடத் தடைபெற்று மீண்டிருந்த காலம் அது. உலகமே அச்செயலைக் கண்டித்தது. மறுநாள் அவர் வருத்தம் தெரிவித்தார். 2020இலும் கைகள் இணையவில்லை. ஆனால் அதனை எவரும் அவமதிப்பாகக் கொள்ளவில்லை. ஏன்? முன்னது வெறுப்பினால் மறுக்கப்பட்ட கை. பின்னது பிறர் நலம் கருதி மடக்கப்பட்ட கை. செயல் ஒன்றே, நிய்யத் எனும் எண்ணம் வேறு. எண்ணத்தைக் கொண்டே செயல்கள் மதிக்கப்படும் என்பதை நம் மாணவர்களுக்கு நாம் விளக்கிக் கூறவும் வேண்டுமோ?

முஸாஃபஹா எனும் கைலாகு நம் சமுதாயத்தில் எத்துணைப் பெருமைக்குரியது என்பதை நாம் அறிவோம். அதனைப் போற்றிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இவ்வினாவுக்கு விடை இருக்கிறது. ஸகீஃப் குலத்தார் தூதுக்குழுவாக வந்தபோது அவர்களுள் ஒருவர் தொழுநோயாளர். கையில் கைவைத்து உறுதிமொழி அளிப்பது அந்நாளைய வழக்கம். பெருமானாரோ, அவருடைய உறுதிமொழியைத் தாம் ஏற்றுக்கொண்டதாகவும், அவர் திரும்பிச் செல்லலாம் என்றும் சொல்லியனுப்பினார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. கை தொடவில்லை, ஆயினும் உறவு முழுமையாக ஏற்கப்பட்டது. நோயாளர் இழிவுபடுத்தப்படவுமில்லை, மற்றவர் இடருக்கு ஆளாக்கப்படவுமில்லை. பண்பாடு கையில் மட்டும் தங்கியிருப்பதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

இனி இரண்டாவது காரணம். ஆட்டத்தின்போது தோளோடு தோள் மோதுபவர்கள், கோல் விழுந்ததும் கட்டித் தழுவுபவர்கள், தொடக்கத்தில் கைகுலுக்காமையால் என்ன பயன் என்று கேட்கின்றனர். இக்கேள்வியில் பாதி உண்மை உண்டு. கொரோனாக் கிருமி பெரிதும் மூச்சுக்காற்றின் வழியே பரவுவது என்பதும், கையின் வழியே பரவுவது குறைவு என்பதும் பின்னர்த் தெளிவாயின. ஆனால் சளிக்காய்ச்சலும் வாந்திபேதியும் பரவக் கையும் ஒரு வாயிலே. நோயின் இயல்பு முழுதும் தெரியாத நாளில், எளிதில் அடைக்கக்கூடிய வாயிலை அடைப்பது அறிவுடைமையே. எனவே தடை தவறன்று.

தவறு வேறிடத்தில் நேர்ந்தது. சிறு வாயிலை அடைத்தவர்கள் பெருவாயிலைத் திறந்தே வைத்திருந்தனர். மார்ச்சு 8ஆம் நாள் ஓல்டு டிராஃபோர்டில் வீரர்கள் கைகுலுக்கவில்லை. சுற்றிலும் 70,000க்கும் மேற்பட்டோர் நெருக்கமாக அமர்ந்து முழக்கமிட்டனர். மார்ச்சு 11ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் இந்நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. அதே இரவில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு திடலில் ஐரோப்பியப் போட்டியொன்று 50,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் நடந்தது. நோய் கடுமையாகப் பரவியிருந்த மாட்ரிட் நகரத்து அணியைக் காண ஏறத்தாழ 3,000 பேர் ஸ்பெயினிலிருந்து வந்திருந்தனர். தம் நாட்டில் பார்வையாளரின்றி ஆட்டங்கள் நடக்கவேண்டிய அந்நாளில், இங்கே அவர்கள் நெருங்கியமர்ந்து பார்க்க முடிந்தது! ஆட்டத்துக்கு முன் தம்மை நோக்கி நீண்ட ரசிகர்களின் கைகளைக் கண்டு லிவர்பூல் பயிற்றுநர் யூர்கன் கிளாப் சினந்து கடிந்தார். கையை மடக்கச் சொல்ல அவரால் முடிந்தது. கூட்டத்தைக் கலைக்கும் பொறுப்போ அதிகாரத்தில் இருந்தோருடையது. மார்ச்சு 13ஆம் நாள்தான் லீக் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. அதற்கு முந்திய இரவில் ஆர்சனல் அணியின் பயிற்றுநருக்குத் தொற்று உறுதியானது தெரியவந்திருந்தது.

இங்கே கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நம் நினைவுக்கு வருகின்றார்கள். ஷாம் நாடு நோக்கிச் சென்றவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் அறிந்தார்கள். தோழர்களைக் கலந்து பேசினார்கள். குழுவினர் அனைவரோடும் திரும்பினார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என்று கேட்கப்பட்டபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக விடையிறுத்தார்கள். பயணத்தைத் தொடர்ந்துகொண்டே கையை மட்டும் மடக்கிக்கொள்ளுமாறு அவர்கள் கூறவில்லை. ஆபத்தின் அளவுக்குத் தக்க முடிவை எடுப்பதே தலைமையின் இலக்கணம். எளியதைத் தடுத்து, வருவாய் தரும் அரியதைத் தொடாமல் விடுவது எச்சரிக்கையாகாது. அது எச்சரிக்கையின் சாயலே.

ஆகவே நம் கருத்து இது: நோய்க்காலத்தில் கைகுலுக்கலை நிறுத்துவது முறையே. ஆனால் அத்தடை முதற்படியாக அமைய வேண்டும். முடிந்த படியாக அமைதல் கூடாது. காரணம் விளக்கப்பட வேண்டும். பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடின்றிப் பொருந்த வேண்டும். இடர் நீங்கியதும் விலக்கப்பட வேண்டும். 2020இல் நோன்புப் பெருநாளன்று நம்மில் பலர் வீட்டிலேயே தொழுதோம். தழுவிக்கொள்ளாமல் ஸலாம் மட்டும் கூறினோம். அன்று நம் அன்பு குறைந்ததா? இல்லை, அடுத்தவர் வீட்டு முதியோரின் உயிருக்காக நம் ஆசையை அடக்கினோம். அவ்வாறு மடங்கிய கைக்கும் இறைவனிடத்தில் நற்கூலி உண்டு என நம்புவோமாக! நீட்டும் கையில் அன்பையும், மடக்கும் கையில் அதே அன்பையும் அவன் நமக்கு அருள்வானாக!