கொற்கை ஓர் உழவர் ஊர்

கொற்கை என்றதும் நம் நினைவுக்கு வருவது முத்து. பாண்டியரின் துறைமுகம், தாலமி 'கொல்கோய்' என்று குறித்து வைத்த பட்டினம், தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அங்கே முத்துக் குளித்தார்கள் என்று பெரிப்ளூஸ் கூறும் செய்தி, கண்ணகியின் சினம் தணிக்க வேள்வி செய்த இளவரசன் வெற்றிவேற்செழியன் அரசிருந்த இடம் - இவற்றையெல்லாம் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்காத வரலாற்று மாணவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. ஆனால் அதே கொற்கையில் இன்று என்ன விளைகிறது என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வோம்?

நெல் விளைகிறது. வாழை விளைகிறது. வெற்றிலைக் கொடிக்கால்கள் இருக்கின்றன. கப்பல் இல்லை, கடலும் இல்லை. கடல் அங்கிருந்து ஆறு, ஏழு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரை உலகம் அறியும் என்று நாம் பெருமைப்படுகிறோம். உண்மையில் உலகம் அறிந்தது பழைய பட்டினத்தை. இப்போது அங்கே குடியிருந்து உழுது பிழைக்கும் ஊரைப் பக்கத்துத் தூத்துக்குடியில் இருக்கும் நாமே அறியவில்லை என்பதுதான் என் கட்சி.

கடல் ஏன் போயிற்று? தாமிரவருணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் காரணம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் அந்த ஆறு, தன் வாயைத் தானே அடைத்து அடைத்துக் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போனது. கொற்கை தூர்ந்ததும் வாணிபம் காயலுக்குப் போயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய அந்தக் காயலும் தூர்ந்து இன்று 'பழைய காயல்' ஆகிவிட்டது. பிறகு புன்னைக்காயல், அதன்பின் தூத்துக்குடி. இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. ரோமாபுரியின் துறைமுகமான ஆஸ்தியா இன்று கரையைவிட்டு உள்ளே கிடக்கிறது. ஜாவாத் தீவின் வடகரையில் சுல்தான்கள் ஆண்ட தெமாக் துறைமுகமும் வண்டலால் தூர்ந்து, இப்போது நெல் வயல்களுக்கு நடுவே நிற்கிறது. துறைமுகத்தைக் கெடுத்த அதே வண்டல் உழவனுக்கு நல்ல நிலமாயிற்று. கொற்கைக்குப் பட்டினம் போனது நட்டம் என்று வரலாற்று நூல்கள் வருந்துகின்றன. நெல் கண்ட உழவன் அப்படி வருந்தியிருப்பானா என்பது எனக்கு ஐயமே.

நம்மவர்கள் கொற்கைக்குச் சுற்றுலா போகும் முறையைச் சற்றுச் சொல்கிறேன். பேருந்தைவிட்டு இறங்கியதும் நேரே வன்னி மரத்தடிக்குப் போவார்கள். இரண்டாயிரம் ஆண்டு மரம் என்று ஊரார் சொல்வதைக் கேட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். அக்கசாலைப் பிள்ளையார் கோயிலைப் பார்த்து, இங்கேதான் பாண்டியனின் நாணயச்சாலை இருந்தது என்று பேசுவார்கள். குளத்தையொட்டிய அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திருச்செந்தூர். மொத்தம் ஒரு மணி நேரம். சென்ற ஆண்டு நான் தனியே போயிருந்தபோது, வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "மரத்தப் பாக்க வாறவங்க எல்லாம் மடையப் பாக்க மாட்டேங்காங்க தம்பி." எவ்வளவு சரியான பேச்சு!

மடையைப் பார்த்தால்தான் கொற்கை விளங்கும். தாமிரவருணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணை ஸ்ரீவைகுண்டம், 1873-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து வடகால், தென்கால் என இரண்டு பெரிய வாய்க்கால்கள் பிரிந்து, குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. ஏறக்குறைய 25,560 ஏக்கர் ஆயக்கட்டு. மேலே ஏழு அணைகளும் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் எட்டாவது அணைக்கு. அந்த எட்டாவது அணையின் பாசனத்திலும் கடைக்கோடியில் இருப்பவை கொற்கை போன்ற ஊர்கள். பிசானம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், வடகிழக்குப் பருவமழை கைகொடுப்பதால். கார் சாகுபடிதான் சூதாட்டம். அணையில் திறந்தார்கள் என்று செய்தித்தாளில் வந்துவிடும். கடைமடைக்கு அது வந்து சேர்வது வேறு கதை. ஆற்றில் நீரோட்டம் குறைந்தால் கடல்நீர் வேறு கீழேயிருந்து ஏறும். வெற்றிலைக் கொடிக்காலுக்கு உப்புத் தண்ணீர் எமன். 2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம். அந்த வெற்றிலையின் காரமும் மணமும் தாமிரவருணித் தண்ணீரில் இருக்கின்றன என்பதை அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இனி, இந்த மண்ணின் பெரிய முரண்பாட்டுக்கு வருகிறேன். பழைய துறைமுகம் உழவர் ஊராயிற்று. புதிய துறைமுகம் தூத்துக்குடியில் எழுந்தது. 1961-க்குப் பின் முத்துக் குளிப்பு நின்றுபோனாலும், 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றி ஆலைகள் பெருகின. ஆலைகளுக்குத் தண்ணீர் வேண்டுமே! ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்தே எடுத்தார்கள். '20 எம்.ஜி.டி. திட்டம்' என்று உழவர்கள் வாயில் அடிபடும் திட்டம் அதுதான். நாளொன்றுக்கு இரண்டு கோடி காலன், அதாவது ஏறத்தாழ ஒன்பது கோடி லிட்டர். காரும் பிசானமும் காத்துக் கிடக்க, குழாயில் ஓடும் தண்ணீருக்குப் பருவம் கிடையாது. உழவர்கள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். இறுதியில் 2018-இல் பசுமைத் தீர்ப்பாயம், குடிநீருக்கன்றி ஆலைகளுக்கு அத்திட்டத்தின் தண்ணீரைக் கொடுக்கலாகாது என்று தடை விதித்தது. மணல் தூர்ந்து கிடந்த அணையைத் தூர் வாருவதற்கும் 2015-இல் தீர்ப்பாயமே தலையிட வேண்டியிருந்தது.

ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மோடு படிப்பவர்களில் பாதிப்பேரின் தந்தையர் துறைமுகத்தையும் ஆலைகளையும் உப்பளத்தையும் நம்பித்தான் நம்மைப் படிக்க வைக்கிறார்கள். தூத்துக்குடி நகரம் தாமிரவருணித் தண்ணீரைக் குடிப்பதிலும் குறை காண்பதற்கில்லை. தாகத்துக்குத் தண்ணீர் தராத உழவன் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் கடலோரத்தில் இருக்கும் ஆலை, கடல்நீரைக் குடிநீராக்கிக்கொள்ளும் செலவைக் கணக்கில் பார்க்கிறது. கடைமடைக்காரனுக்கு அப்படி வேறொரு கடல் இல்லை. தண்ணீர் குறையும் காலத்தில் யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு, முன்பிருந்து பாசனம் பெற்றவனுக்கு முதலில் என்பதே என் விடை.

போதாததற்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் வந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்தன, ஆறு கரைபுரண்டது, ஏரல் பாலம் அறுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் இரயிலோடு சிக்கிய பயணிகளைப் பற்றி நாடே பேசிற்று. ஆற்றோர ஊர்களில் குலை தள்ளும் பருவத்து வாழை சாய்ந்ததைப் பற்றிப் பேசியவர் குறைவு. கோடையில் கடைசியில் தண்ணீர் வரும் ஊருக்கு வெள்ளத்தில் மட்டும் மேலேயிருந்து எல்லாத் தண்ணீரும் வந்து சேரும்.

அகழாய்வுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்து 1877-இல் எழுதினார். 1968-69-இல் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரி கி.மு. 785 என்று காலம் காட்டியது. 2021-இல் மீண்டும் தோண்டியபோது, துளையிட்ட சுடுமண் குழாய்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. அந்தக் காலத்துக் கொற்கைக்காரர் தண்ணீரை எவ்வளவு கவனமாகக் கையாண்டார்கள் என்று வியந்து எழுதினோம். இந்தக் காலத்துக் கொற்கைக்காரரின் தண்ணீரைப் பற்றி எழுதினோமா? ஜோ டி குரூஸ் 'கொற்கை' என்று பெயரிட்டு எழுதி 2013-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல்கூடத் தூத்துக்குடியின் கதையே. அது அவர் குற்றமன்று. பெயரின் புகழ் அப்படி. ஊர் பெயரைத் துறைமுகத்துக்குக் கொடுத்தது, தண்ணீரையும் கொடுத்தது.

எனவே வரலாற்று மன்றத்துக்கும் புவியியல் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு இரு மன்றங்களும் சேர்ந்து போகட்டும். பிசான நடவுக்கு முன், செப்டம்பர் மாதத்தில், குளம் வறண்டிருக்கும்போது போகட்டும். ஸ்ரீவைகுண்டம் அணையில் இறங்கி வடகால் கரையோடு கீழே வர வேண்டும். வழியில் எந்த மதகு பழுது, எங்கே அமலையும் ஆகாயத்தாமரையும் வாய்க்காலை அடைத்திருக்கின்றன, எந்தக் குளம் எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். இரண்டு நாள் நடை. சோற்றுக்குக் கவலையில்லை, ஏரல் இருக்கிறது. கொற்கை வந்து சேர்ந்தபின் வன்னி மரத்தடியில் உட்கார்ந்து அந்தக் குறிப்புகளை ஊர்ப் பெரியவர்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் திருத்துவதைத் திருத்திக்கொண்டு, நீர்வளத் துறைக்கு ஒரு படியும் இம்மலருக்கு ஒரு படியும் கொடுக்கலாம்.