இரையின் தோல் போர்த்த வேடர்

அண்மையில் ஒரு விடுமுறை நாளிரவு எமது விடுதியின் பொது அறையிற் கூடியிருந்து 'பிரடேற்றர்ஸ்' என்னும் ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். 2010இல் வெளிவந்த இப்படம், 1987இல் வெளியான 'பிரடேற்றர்' படத்தின் தொடர்ச்சிகளுள் ஒன்று. றொபேட் றொட்றிகஸ் தயாரிக்க நிம்றொட் அன்ரல் நெறியாள்கை செய்தது. மனிதரை விளையாட்டுக்காக வேட்டையாடும் வேற்றுக்கிரகவாசிகள், பூமியிலிருந்து சிலரைக் கவர்ந்து சென்று, அறியாக் கோளொன்றின் காட்டிலே பரசூட்டில் வீழ்த்துகின்றனர். வீழ்ந்தோர் உயிருக்காக ஓடுகின்றனர். படம் முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. கைதட்டியோருள் நானும் ஒருவன். அக்கைதட்டல் யாருக்காக எழுந்தது என்ற வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

ஓடுவோர் யார்? அமெரிக்கக் கூலிப்படையாள் ஒருவன், இஸ்ரேலிய இராணுவத்தில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் பெண் ஒருத்தி, செச்சினியாவிற் போரிட்ட ருஷ்ய விசேட படைவீரன், மெக்சிக்கோவின் போதைப்பொருட் கும்பலின் அடியாள், ஜப்பானியப் பாதாள உலகத்தவன், சியராலியோன் போராளி, மரண தண்டனைக் கைதி, இறுதியில் தொடர் கொலையாளி என வெளிப்படும் மருத்துவன். எண்மரும் கொலைத்தொழிலிற் கைதேர்ந்தோர். தேர்ச்சி பெற்றவராதலாலேயே வேட்டைக்கு உகந்த இரையென அவர்கள் தெரிவு செய்யப்பட்டனர். கவர்ந்து செல்லப்படுதல் என்பது இங்கே தண்டனையன்று. அது ஒரு தகுதிச் சான்றிதழ்.

படத்தை மெச்சும் நண்பர் சிலர் கூறுவது வேறு. "இப்படம் மனிதனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றது. வேற்றுக்கிரக வேடரைப் போலவே நாமும் எமது உலகின் கொடிய விலங்குகள் என்று பாத்திரங்களே ஒப்புக்கொள்கின்றன. இது சுயவிமர்சனமல்லவா?" என்பர். இவ்வாதம் மேலோட்டமானதன்று, ஆதலால் விடைகூறுதல் கடன்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் என்பது தீங்கிழைக்கப்பட்டவனின் முன்னிலையில் நிகழவேண்டியது. இப்படத்தில் அவ்வாறு தீங்கிழைக்கப்பட்ட ஒருவராவது உண்டா? படம் வானிலிருந்து வீழும் ஒருவனோடு தொடங்கி அக்கோளின் காட்டிலேயே முடிகின்றது. பூமியில் நிகழும் காட்சி ஒன்றேனும் இல்லை. செச்சினியாவில் வீடிழந்த தாய் இல்லை. சியராலியோனில் கை வெட்டப்பட்ட உழவன் இல்லை. கொலையாளிகள் தமக்குள் ஒருவரையொருவர் நோக்கி 'நாம் கொடியவர்' எனக் கூறி, தமக்குள்ளேயே மன்னித்தும் கொள்கின்றனர். இதனைச் சுயவிமர்சனம் என்பதிலும் பார்க்கச் சுயசமாதானம் என்பதே பொருந்தும்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. அரசின் கட்டளைக்குட்பட்ட படைவீரனும், கூலிக்குக் கொல்பவனும், மனநோயினாற் கொல்பவனும் இங்கே ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றனர். எல்லாம் மனித இயல்பு என்று தீர்ப்பாகின்றது. கட்டளையிட்டவன் யார், துவக்கை விற்றவன் யார் என்ற வினாக்களுக்கு இடமில்லை. சியராலியோனின் உள்நாட்டுப் போர் 1991 முதல் 2002 வரை நடந்தது. அப்போரை வளர்த்ததில் அந்நாட்டு வைரங்களுக்குப் பெரும்பங்குண்டு. அவற்றை வாங்கிய சந்தைகள் ஆபிரிக்காவுக்கு வெளியே இருந்தன. படமோ அப்போராளியின் பெயரைக்கூடச் சிரத்தையோடு இடவில்லை. மேற்காபிரிக்கரான அவனுக்குக் கிழக்காபிரிக்காவிலே கென்யாவின் துறைமுக நகரொன்றின் பெயரைச் சூட்டி 'மொம்பாசா' என்கின்றது. முதலில் மெக்சிக்கோக்காரன் மடிகின்றான்; அடுத்து மொம்பாசா மடிகின்றான். இறுதியில் எஞ்சும் இருவருள் தலைமை அமெரிக்கனுடையது.

இனிப் படத்தின் மையத்திலுள்ள பொய்க்கு வருவோம். 1987இல் குவாத்தமாலாக் காட்டுக்குட் சென்ற அமெரிக்க விசேட படைப்பிரிவொன்று இவ்வேடரால் அழிக்கப்பட்டதென்றும், ஒருவனே மீண்டானென்றும் படத்தின் நாயகி கூறுகின்றாள். முதற்படத்தின் கதையையே அவள் நினைவூட்டுகின்றாள். குவாத்தமாலா, 1987! அந்நாட்டில் அவ்வாண்டில் உண்மையாகவே வேட்டை நடந்துகொண்டிருந்தது. 1960இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 வரை நீடித்தது. ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவோடு இயங்கிய உண்மை ஆணைக்குழு 1999 பெப்ரவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. கொல்லப்பட்டோரும் காணாமலாக்கப்பட்டோரும் 200,000 பேருக்கு மேல் என்றும், அடையாளங் காணப்பட்டோருள் 83 வீதத்தினர் மாயா இனத்தவர் என்றும், மீறல்களுள் 93 வீதம் அரச படைகளையும் அவற்றின் துணைக்குழுக்களையும் சாரும் என்றும் அது கண்டது. அடுத்த மாதம் அங்கு சென்ற அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்ரன், அப்படைகளுக்குத் தமது நாடு அளித்த ஆதரவு தவறென ஒப்புக்கொண்டார். இவையெல்லாம் உலகறிந்து பதினொரு ஆண்டுகள் கழிந்தபின் எடுக்கப்பட்ட படத்தில், குவாத்தமாலாவில் வேட்டையாடப்பட்டவர் என நினைவுகூரப்படுவோர் ஓர் அமெரிக்கப் படைப்பிரிவினர் மாத்திரமே! மாயா மக்கள் அக்கதையின் ஓரத்திலேனும் இல்லை.

இப்பொய்யின் அடித்தளம் முதற்படத்திலேயே இடப்பட்டுவிட்டது. அங்கே அமெரிக்க வீரர் முதலில் ஒரு கெரில்லா முகாமைத் தகர்த்து அங்குள்ளோரைக் கொன்றொழிக்கின்றனர். அதுவரை எமக்கு அச்சமில்லை. கொல்வோர் கொல்லப்படத் தொடங்கியபின்னரே அச்சம் தொடங்குகின்றது. சிறைப்பிடிக்கப்பட்ட பெண்ணொருத்தியை அவ்விலங்கு விட்டுவிடுகின்றது. காரணம், அவளிடம் ஆயுதமில்லை. நிராயுதபாணியைக் கொல்வதில் விளையாட்டில்லை. எத்துணை உயரிய நெறி! குவாத்தமாலாவின் மலைக்கிராமங்களிற் கொல்லப்பட்ட குழந்தைகளின் கையில் என்ன ஆயுதம் இருந்தது? உண்மையுலகின் வேட்டை பெரும்பாலும் ஆயுதமற்றோர் மீதே நிகழ்ந்துள்ளது. அதனை வலியோனுக்கும் வலியோனுக்கும் இடையிலான நேர்மைப் போட்டியாக மாற்றிக் காட்டுவதே இக்கதை வரிசை செய்யும் மோசடி. புலித்தோல் போர்த்த பசுவை வள்ளுவர் எமக்குக் காட்டினார். ஹொலிவூட்டோ பசுத்தோல் போர்த்த புலியைக் காட்டி, அதன்பொருட்டு எம் கண்ணீரையும் கேட்கின்றது.

விஞ்ஞானப் புனைகதை என்றாலே இவ்வாறுதான் இருக்குமெனச் சிலர் கூறலாம். அது வரலாறறியாக் கூற்று. எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, செவ்வாய்க்கிரகத்தாரைக் கடிந்துகொள்ளுமுன் தஸ்மேனிய மக்களுக்கு ஐரோப்பியர் இழைத்ததை எண்ணிப்பார்க்குமாறு வாசகரிடம் கூறுகின்றார். அம்மக்கள் முற்றாக அழிந்தனர் என அவர் கருதியது தவறு. அவர்தம் சந்ததியினர் இன்றும் வாழ்கின்றனர். எனினும் ஏகாதிபத்தியத்தின் தலைநகரில் இருந்தோரிடம் 'உம்மால் வேட்டையாடப்பட்டவரின் இடத்தில் நின்று பாரும்' என்று கேட்கும் துணிவு அக்கதைக்கு இருந்தது. இதே 'பிரடேற்றர்' வரிசையில் 2022இல் வந்த 'பிறே' படமும், 1719ஆம் ஆண்டின் கொமாஞ்சிப் பெண்ணொருத்தியை நாயகியாக்கி, எருமைகளைத் தோலுரித்துக் குவித்த பிரெஞ்சு வேட்டைக்காரரை அவள் கண்வழியே காட்டிற்று. ஆகவே குறை கற்பனையின் வகையில் இல்லை; கண் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதிலேயே உள்ளது.

"இது வெறும் பொழுதுபோக்கு, இதற்கு இத்துணை ஆராய்ச்சியா?" என்று கேட்கும் நண்பருக்கு ஒரு வார்த்தை. பொழுது போகும்போது கூடவே எமது பார்வையும் போகின்றது. யாருடைய ஓட்டத்தைக் கண்டு எமது நெஞ்சு பதைக்கவேண்டும், யாருடைய சாவைக் கண்டு பதைக்கவேண்டியதில்லை என்பதை இருட்டறையில் நாம் ஓசையின்றிக் கற்றுக்கொள்கின்றோம். பதுங்குகுழிகளில் இரவுகளைக் கழித்த பெற்றோரின் பிள்ளைகள் எம்மிடையே உள்ளனர். கையில் எதுவுமின்றி ஓடுதல் என்றால் என்னவென்பதை அவர்கள் வீட்டிலே கேட்டறிந்தவர்கள். அவர்களுங்கூட அன்றிரவு துவக்கேந்திய கைகளுக்காகவே கைதட்டினர்.

படத்தின் இறுதிக் காட்சியில் மேலும் பல பரசூட்டுகள் வானிலிருந்து இறங்குகின்றன. அவற்றிலும் தேர்ந்த கொலையாளிகளே இருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆயுதமற்ற ஒருவருக்கு அக்கோளில் இடமில்லை. அவ்வாறான ஒருவரை எக்கதையாவது எம்முன் இறக்கும் நாளில், அவருக்காகப் பதைக்கும் நெஞ்சு எம்மிடம் எஞ்சியிருக்கவேண்டும். அடுத்த முறை கைகளைத் தட்டுமுன், அவை யாருக்காக உயர்கின்றன என்று ஒருகணம் பார்த்துக்கொள்வோமாக.