பதிவு கணினியில் இருக்கிறது, பிரதி எங்கே?

2004 டிசம்பர் 26 அன்று கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரத்தில் அலை அள்ளிச் சென்றவற்றில் காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் அடக்கம். கடதாசி இல்லாமல் கந்தோர் கந்தோராக அலைவது என்னவென்று போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கும் தெரியும். இப்போது பதிவுகள் கணினிக்குப் போகின்றன. நல்லதுதான்.

ஆனால் 2023 ஓகஸ்ட் 26 ஐ மறக்க முடியாது. அன்று இலங்கை அரசின் மேகக்கணினியைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில், மே 17 இலிருந்து வந்த கடிதங்கள் மீளவில்லை. இணைப்பிலேயே வைத்திருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே போயின. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. புதுப்பிக்க நிதி போதவில்லை என்றார்கள். காசுள்ள தென்கொரியாவிலும், 2025 செப்டெம்பரில் ஒரு தரவு நிலையம் தீப்பிடித்தபோது, வெளியே பிரதி இல்லாத 858 டெராபைட் அழிந்தது.

மேகம் வானத்தில் இல்லை. ஒரு பெரிய கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகள்; அவற்றை ஆள்வது ஒரு முகாமை வழங்கி. எது எங்கே இருக்கிறது, யாருக்கு என்ன அனுமதி என்பதெல்லாம் அதன் தரவுத்தளத்தில். அதன் கடவுச்சொல் திருடனிடம் போனால் வீடு வீடாக உடைக்க வேண்டியதில்லை, சாவிக்கொத்தே கிடைத்துவிடும். ஆகவே நிறுவும்போதே அந்த வழங்கியைத் தனி வலையமைப்பில் பிரித்து, தரவுத்தளத்துக்கும் பிரதி எடுத்து, ஒன்றையாவது இணைப்பைத் துண்டித்து வேறு ஊரில் வைக்க வேண்டும்.

பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டியது இதுதான்: பிரதி எங்கே, கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்? பதில் கிடைக்கும்வரை, உறுதியைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைக்கும் உம்மாமாரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.