எதற்காகத் தூய்மை?

நம் விருத்தாசலம் மண்ணை நம்பி வாழும் ஊர். பீங்கான் செய்வோர் களிமண்ணை நீரில் கரைத்துச் சல்லடையில் வடிப்பர். காந்தம் வைத்து இரும்புத் துகளைப் பிரிப்பர். ஒரு துகள் தப்பினாலும் வெள்ளைக் கோப்பையில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும்.

அதே இரும்பு வேதியியலாரையும் வாட்டுகிறது. 1991-இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமாவின் கட்டுரையால் உலகின் கவனத்தை ஈர்த்தவை கார்பன் நானோ குழாய்கள். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியவை. இவற்றை வளர்க்க இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்றவை வினையூக்கிகளாகின்றன. விளைச்சலோடு உலோகமும் புகைக்கரியும் கலந்தே வருகின்றன.

அமிலத்தில் இட்டால் உலோகம் கரையாதா? கரையும். ஆனால் உலோகத் துகள்கள் பல கரி ஓட்டுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஆகவே முதலில் காற்றில் அளவாகச் சூடாக்கி அந்த ஓட்டை உடைத்து, பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவுவர். சூடு மிஞ்சினால் குழாய்களும் எரிந்துபோகும். நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைப்பது இன்னொரு முறை. அதில் வேகம் உண்டு. குழாயின் சுவர் சிதைந்து நீளம் குறைவதும் உண்டு.

‘தூய்மை எத்தனை சதவீதம்?’ என்று மட்டும் கேட்பது போதாது என்பதே என் கருத்து. எவ்வளவு மிஞ்சியது? மிஞ்சியது பழுதின்றி இருக்கிறதா? கழுவிய அமில நீர் எங்கே போயிற்று? அதை நடுநிலையாக்காமல், கரைந்த உலோகத்தை அகற்றாமல் வடிகாலில் விட்டால், குழாயைத் தூய்மையாக்கி மணிமுத்தாற்றை மாசாக்கியவர்கள் ஆவோம்!

2020-இல், கீழடியில் கிடைத்த ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பானை ஓடுகளின் கரும்பூச்சில் இக்குழாய்கள் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் அறிவித்தனர். அந்தக் குயவர் நானோ அறிவியல் கற்றவர் என்று மார்தட்டுவது பொருந்தாது. அவருக்கு வேண்டியது உரியாத பூச்சு, அது கிடைத்தது. குழாயைத் தனியே பிரிக்க வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை.

மின்னணுக் கருவிக்கு மிகுந்த தூய்மை வேண்டும். பிளாஸ்டிக்கில் கலந்து வலுவூட்டுவதற்கு அவ்வளவு வேண்டியதில்லை. பயனே தூய்மையின் அளவுகோல்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: நம் செய்முறைக் குறிப்பேட்டில் தூய்மை அளவுக்கு அருகே, ‘இழந்த எடை’, ‘கழிவு சென்ற இடம்’ என இரண்டு கட்டங்களைச் சேருங்கள். நாங்கள் பொய்யின்றி நிரப்புகிறோம்.