சிந்தனைக்கும் மாதிரி விடையா?

அண்மையில் ஆண்டு 4 மாணவர்களுக்குக் கணிதப் பாடத்தில் ஒரு வினா கொடுத்தேன். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?" பெரும்பாலோர் 36 என எழுதி, அடிக்கோடும் இட்டுவிட்டனர். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "ஐயா, ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன தொடர்பு?" என்றாள். "பேசாமல் கூட்டு!" என்று பக்கத்து மாணவன் அவளை அடக்கினான்.

இவ்வினா என் சொந்தச் சரக்கன்று. 1979-இல் பிரான்சு நாட்டின் கிரனோபில் நகரில் ஆய்வாளர்கள் 97 தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் இதைக் கேட்டனர். 76 பேர் கொடுத்த எண்களைக் கொண்டே வயதைக் கணக்கிட்டனர். ஆகவே, நம் பிள்ளைகள் மட்டும் மந்தமானவர்கள் அல்லர். எண்ணைக் கண்டவுடன் ஏதாவது செய்து விடையை எழுது என்று பள்ளிதான் அவர்களைப் பழக்கியிருக்கிறது. பள்ளி என்றால் நானுந்தான்.

2013-இல் தொடங்கிய மலேசியக் கல்விப் பெருந்திட்டம் உயர்நிலைச் சிந்தனைத் திறனை முன்னிறுத்தியது. நல்ல நோக்கம். நாம் செய்தது என்ன? உயர்நிலைச் சிந்தனை வினாக்களுக்கு மாதிரி விடைகளோடு பயிற்சி நூல்கள் கடைகளில் குவிந்தன! சிந்தனை வரைபடங்கள் எட்டும் வகுப்பறைக்கு வந்தன. குமிழிக்குள் எழுத வேண்டியதை வெண்பலகையில் நாமே எழுதிப் போட்டோம். பிள்ளைகள் அழகாக வண்ணம் தீட்டினர்.

எல்லாப் பழியையும் யூபிஎஸ்ஆர் தேர்வின்மீது போட்டோம். 2021-இல் அதுவும் அகற்றப்பட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. டிம்ஸ் அனைத்துலக ஆய்வில் 1999-இல் நம் படிவம் 2 மாணவர்கள் கணிதத்தில் பெற்ற புள்ளி 519. 2023-இல் 411.

பயிற்சிக் கழகத்தில் போல்யாவின் நான்கு படிகளை நாங்கள் மனனம் செய்தோம் (அதையும் மனனந்தான்!): வினாவைப் புரிந்துகொள்ளுதல், திட்டமிடுதல், செயற்படுத்துதல், மீள்பார்த்தல். என் வகுப்பில் பல ஆண்டுகளாக மூன்றாம் படி மட்டுமே நடந்து வந்தது.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை" என்பீர்கள். ஆசிரியர் வினா தொடுத்தபின் ஏறக்குறைய ஒரு வினாடிதான் காத்திருக்கிறார் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தார். மூன்று வினாடி பொறுத்தாலே மாணவரின் விடை நீள்கிறதாம். எந்தப் பாடத்திட்டம் நண்பர்களே, இரண்டு வினாடி தர மறுக்கிறது?

அம்மாணவியின் கேள்வியை மறுநாள் வகுப்பின் முன் வைத்தேன். வாதம் முற்றி, அடுத்த பாடவேளையையும் விழுங்கிவிட்டது. பாடக்குறிப்பேட்டில் 'நோக்கம் அடையப்படவில்லை' என்றே எழுதி வைத்திருக்கிறேன். தலைமையாசிரியர் இன்னும் பார்க்கவில்லை.