உப்பளத்தில் வேலையில்லாத மாதத்தில் வரும் கடைசித் தேதி

2025 ஜூலையில் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு 106 பேரைத் தேர்வு செய்தது. முதலில் 40 பேருக்கு மட்டும்தான் தற்காலிக ஒதுக்கீட்டுக் கடிதம் போனது. மீதி 66 பேருக்கு, நிதி இருப்பதைப் பொறுத்துக் கடிதம் வரும் என்று சொல்லப்பட்டது. அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழுவின் ஒப்புதல் வரவில்லை என்று காரணம் வெளியானது.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் ஒரு பிள்ளைக்கு ஜூலையில் சொல்கிற பதில் இதுதானா? விண்ணப்பத்துக்கு அரசு கடைசித் தேதி வைத்தது, அந்தப் பிள்ளைகள் அதற்குள் அனுப்பினார்கள். பல்கலைக்கழகம் வைத்த கடைசித் தேதிக்கும் அனுப்பினார்கள். அரசு பணம் தருவதற்கு மட்டும் எந்தக் கடைசித் தேதியும் கிடையாது.

தோழர்களே, இதை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 'உங்க பசங்களுக்கு எல்லாமே கடைசி நேரம்தான், அப்புறம் சாதிய சொல்லுவீங்க' என்று படித்தவர்கள் சொல்லக் கேட்டு எங்கள் காது புளித்துவிட்டது. தூத்துக்குடியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளோடு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பும் எங்களுக்கு அந்தக் கடைசி நேரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அதைச் சொல்லிவிட வேண்டும்.

உப்பிலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகம் உப்பு விளைவது நம் மாவட்டத்தில்தான். முள்ளக்காடு, வேப்பலோடை, தருவைகுளம், ஆறுமுகநேரி என்று நீளும் உப்பளங்களில் வெயிலில் நின்று வாருகிறவர்களில், தலையில் சுமக்கிறவர்களில், நம் பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பளம் மூடிவிடும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் கூலி இல்லை. 2022 முதல் தமிழ்நாடு அரசு இந்த மாதங்களுக்காக ஒரு தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. போராடிப் பெற்றது, வரவேற்கிறோம்.

இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையும் காமன்வெல்த் உதவித்தொகையும் விண்ணப்பம் முடிப்பது இலையுதிர் காலத்தில், அதாவது நமக்கு மழை பிடிக்கும் நேரத்தில். அமெரிக்க முனைவர் பட்டப் படிப்புகள் பெரும்பாலும் டிசம்பரில் மூடும். அதற்குள் ஆங்கிலத் தேர்வு எழுதி மதிப்பெண் கையில் இருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். மூன்று மழைக்கால நிவாரணத்தைத் தொடாமல் சேர்த்து வைத்தாலும் ஒரு தேர்வுக்குப் போதாது. அந்த மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. இந்த ஆண்டு இடம் கிடைக்காமல், அடுத்த ஆண்டு உதவித்தொகை கிடைக்காமல் போனால், திரும்பவும் முதலில் இருந்து கட்ட வேண்டும்.

வீட்டில் வருமானமே இல்லாத மாதத்தில்தான் வீட்டிலேயே பெரிய செலவு வந்து நிற்கிறது. கந்துக்காரரிடம் போய், பணம் புரட்டி, தேர்வுக்குத் தேதி கேட்கும்போது பக்கத்து ஊர் மையங்களில் இடம் நிரம்பியிருக்கும். 'கடைசி நேரத்துல ஓடுறாங்க' என்பது இதைத்தான். நேர நிர்வாகம் பற்றி வகுப்பெடுக்க வருகிறவர்கள், உப்பளத்துக் கூலி எந்த மாதம் நிற்கிறது என்பதையாவது தெரிந்துகொண்டு வரட்டும்.

துறைமுக ஊர்க்காரர்கள் நாம். கன்டெய்னர் துறைமுகக் கேட்டுக்குள் போக ஒரு கட்-ஆஃப் நேரம் உண்டு. தவறினால் சரக்கு அடுத்த கப்பலில் போகும், கொஞ்சம் வாடகை கூடும், அவ்வளவுதான். நம் பிள்ளைக்குக் கட்-ஆஃப் தவறினால் ஒரு ஆண்டு போகும். ஒரு ஆண்டு சும்மா இருக்கிற பட்டதாரியைத் திருப்பூரோ ஸ்ரீபெரும்புதூரோ இழுத்துக்கொள்ளும். பெண் பிள்ளையாக இருந்தால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள்.

இனி அரசின் நிபந்தனைக்கு வருவோம். தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55இல் தொடங்கிய திட்டம். நாடு முழுவதற்கும் 125 இடம், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், தகுதித் தேர்வில் 60 சதவீதம், க்யூஎஸ் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை. அதுவும் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம். இந்த 'நிபந்தனையற்ற' என்ற ஒரு சொல்லில்தான் நம் பிள்ளைகள் பாதிப் பேர் விழுகிறார்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

கடைசி ஆண்டு படிக்கும் மாணவிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் முதலில் தருவது நிபந்தனையுள்ள கடிதம்தான். இறுதி மதிப்பெண் பட்டியல் அனுப்பு, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் அனுப்பு, சில இடங்களில் முன்பணம் கட்டு என்று கேட்கும். நம் ஊரில் கடைசிப் பருவத் தேர்வு முடிவே மே, ஜூனில்தான் வரும். தற்காலிகச் சான்றிதழ் அதற்கும் பிறகு. 2022இலும் 2023இலும் உதவித்தொகை விண்ணப்பம் பிப்ரவரி 15இல் திறந்து மார்ச் 31இல் மூடியது. மார்ச்சில் நிபந்தனையற்ற கடிதம் வைத்திருக்க வேண்டுமென்றால் முந்தைய ஆண்டே பட்டம் முடித்திருக்க வேண்டும், அல்லது முன்பணத்தைக் கையிலிருந்து கட்டியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் பவுண்டு கட்டக்கூடிய வீட்டுக்கு இந்த உதவித்தொகை எதற்கு? பணம் இல்லாதவருக்கான திட்டத்தில், பணம் இருந்தால்தான் கிடைக்கும் கடிதத்தைத் தகுதியாக வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் இடங்கள் முழுதாக நிரம்பாமலே போயிருக்கின்றன. பிறகு 'தகுதியான ஆள் கிடைக்கவில்லை' என்பார்கள். கோட்டா காலியிடங்களில் நாம் கேட்டுப் பழகிய பாட்டு.

தரவரிசை விதிக்கும் ஒரு உள்கதை உண்டு. கல்லூரி வாசல்களில் போர்டு மாட்டியிருக்கும் வெளிநாட்டுக் கல்வி ஏஜென்ட்கள் பலர் மாணவரிடம் பணம் வாங்குவதில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடுகிறார்களோ அது கமிஷன் தரும். கமிஷன் தருகிற பல்கலைக்கழகம் முதல் 500இல் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. எங்களிடம் வந்த ஒரு மாணவி கையில் கடிதத்தோடு வந்தார், மகிழ்ச்சியாக. பல்கலைக்கழகம் பட்டியலிலேயே இல்லை. அவரிடம் அதைச் சொல்லும் வேலை எங்களுடையது ஆனது, ஏஜென்ட்டுடையது ஆகவில்லை.

எல்லாம் தாண்டித் தேர்வானாலும் தொகையைப் பாருங்கள். பிரிட்டனில் படிப்பவருக்குப் பராமரிப்புப் படி ஆண்டுக்கு 9,900 பவுண்டு. 2025 ஜனவரியில் வந்த பிரிட்டன் விசா விதிப்படி லண்டனில் படிக்கப் போகிறவர் மாதம் 1,483 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 13,347 பவுண்டு இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது. ஒன்பது மாதத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று அந்த நாடு சொன்னது, பன்னிரண்டு மாதத்துக்கு 9,900 போதும் என்று நம் நாடு சொல்கிறது. சொந்தப் பணத்தைக் காட்டுவதென்றால் அது தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் 28 நாள் கணக்கில் தங்குகிற பணம் மகளிர் குழுக் கடன் தவணை மட்டும்தான். ஜெர்மனி? அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். அதற்கு முன் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றுக்கு 18,000 ரூபாய். இலவசக் கல்வியின் நுழைவுக் கட்டணம் இது.

பெயர் பிரச்சினையைச் சொல்லாமல் போக முடியாது. வெளிநாட்டு விண்ணப்பம் எல்லாம் குடும்பப் பெயர் கேட்கும். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது, தமிழ்நாடு பெருமளவு விட்டது. நமக்கு இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் விரித்த பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவருக்கு முதல் பெயர் 'தெரியாது' என்று அச்சாகும். பட்டம் போட்டுக்கொண்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாதியை விட்டதற்கு ஒரு அபிடவிட், ஒரு நோட்டரி, நான்கு வாரம். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நான்கு வாரத்தில் கடைசித் தேதி போய்விடும். முதலாம் ஆண்டிலேயே எல்லா ஆவணத்திலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள் தோழர்களே.

இந்தக் கடற்கரையில் தேவாலயம் இல்லாத ஊர் குறைவு. தலித் கிறித்தவப் பிள்ளைக்கு மேலே சொன்ன ஒன்றியத் திட்டத்தின் கதவே கிடையாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், நம் சேரியில் சிலுவை வைத்த வீட்டை விட்டுவிட்டார்கள். ஒரே தெரு, ஒரே உப்பளம், ஒரே கல்லறைத் தகராறு. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இந்த இடத்தில் பரவாயில்லை. மதம் மாறிய ஆதிதிராவிடரையும் சேர்க்கிறது, குடும்ப வருமானம் 12 லட்சம் வரை ஏற்கிறது, ஆண்டுக்கு 36 லட்சம் வரை தருகிறது. ஒன்றியத் திட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் நம் மாணவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, எங்களுக்கு அதிகம் கோபம் தருவது. 2022இல் ஒன்றியத் திட்டத்தின் விதியில் ஒரு வரி நுழைந்தது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவித்தொகை இல்லை. சமூகவியல் படித்த எங்களுக்கு இதன் பொருள் நன்றாகவே விளங்குகிறது. உப்பளத் தொழிலாளியின் மகள் கணினி படிக்கப் போகலாம், தன் தாயின் உழைப்பைப் பற்றி ஆராயப் போகக் கூடாது. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றியது. அவரை அனுப்பிய பரோடா சமஸ்தானம் இப்படி ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கட்டுரைக்கு இடமே இருந்திருக்காது.

அம்பேத்கரும் கடைசித் தேதியோடு போராடியவர்தான். பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். நான்கு ஆண்டுக்குள் வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதி தந்திருந்தது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேமித்தார். கோலாப்பூர் சாகு மகராஜும் நண்பர் நவல் பத்தேனாவும் உதவினார்கள். 1920இல், கெடு முடிவதற்குள், மறுபடி கப்பலேறினார். அவர் கெட்டிக்காரர் என்பதால் மட்டும் அது நடக்கவில்லை. பல்கலைக்கழகம் காத்திருந்தது, பணம் நேரத்துக்கு வந்தது. பின்னர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, 1942 அக்டோபரில் கொடுத்த மனுவில், பட்டியல் சாதி மாணவர் வெளிநாட்டில் படிக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று கேட்டார்.

நம் கோரிக்கை எளிமையானது. நிபந்தனையுள்ள கடிதத்தையே ஏற்று, முடிவு வந்ததும் உறுதி செய்யுங்கள். ஏப்ரலுக்குள் ஒதுக்கீட்டுக் கடிதம் கொடுங்கள், அதைக் காட்டித்தான் விசா, அதைக் காட்டித்தான் முன்பணத்துக்கு அவகாசம். தேர்வுக் கட்டணத்தையும் விண்ணப்பக் கட்டணத்தையும் முன்கூட்டியே கொடுங்கள், பிறகு ரசீது கேளுங்கள். 2022 தலைப்புத் தடையை எடுங்கள். நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடைசியாக 1961இல் நடந்தது வரை, அரசு படுகையைச் சோதித்து, குளிக்கும் நாளை முன்னாலேயே அறிவிக்கும். கீழக்கரையிலிருந்தும் ஆட்கள் வந்து சேர அவகாசம் இருந்தது. சிப்பியில் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும் வெள்ளைக்காரன் அரசுக்கு நாள் குறிக்கத் தெரிந்திருந்தது.

அடுத்த ஆண்டு போக நினைப்பவர்கள் இப்போதே தொடங்குங்கள். பாஸ்போர்ட், சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றும் முதலில். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியரிடம் இரண்டு மாதம் முன்னால் கேளுங்கள். 'பார்க்கலாம்' என்பவரை விட்டுவிட்டு வேறொருவரிடம் போங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல விண்ணப்பக் கட்டணத்தில் விலக்கு தரும், மின்னஞ்சலில் கேட்க வெட்கப்படாதீர்கள். அங்கே முனைவர் படிப்பில் சேர்ந்தால் பெரும்பாலும் கட்டணமும் உதவித்தொகையும் பல்கலைக்கழகமே தரும், தலைப்பையும் டெல்லியிடம் கேட்க வேண்டாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு இணையத்திலேயே மனு போடலாம். சமூகநீதி அமைச்சகத்துக்கு ஐந்து கேள்விகள் எழுதி வைத்திருக்கிறோம். கடந்த ஐந்து ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து எத்தனை விண்ணப்பம்? நிபந்தனையற்ற கடிதம் இல்லாததால் எத்தனை தள்ளுபடி? தலைப்பு காரணமாக எத்தனை? தேர்வானவருக்கு ஒதுக்கீட்டுக் கடிதம் போன தேதி என்ன, முதல் தவணை போன தேதி என்ன? 2025இல் காத்திருந்த 66 பேரில் எத்தனை பேர் அந்த ஆண்டே வகுப்பில் சேர்ந்தார்கள்? ஒவ்வொரு கல்லூரி விடுதியிலிருந்தும் ஒருவராவது தன் பெயரில் இந்த மனுவைப் போடுங்கள். வரும் பதிலை அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள்.